பரப்ளி

லபோர்த் வீதியில் என் ஜெராக்ஸ் கடைக்கு
நேர் மேலே குடித்தனம்:
சொல்தா கஸ்பார் ஞானு,
பதினெட்டு வருஷம் ரைன் ஆற்றங்கரைப் பாசறையில் இருந்துவிட்டு
அங்கிருந்தே கட்டிக்கொண்டு வந்த ஓதிலம்மா.
விருந்தாளியிடம் பிரெஞ்சு,
காய்க்காரனிடம் தமிழ்,
சண்டை மட்டும்
எவருக்கும் பிடிபடாத ஒன்றில்.

மரப்படி இருபத்திரண்டு.
சண்டை அதில் இறங்கி வருவதற்குள்
பாதிச் சொல் கால் இடறி உடைந்துவிடும்.
மீதியைப் பொறுக்கிக்கொள்வேன்,
ஆதார் அட்டைக்கு முன்பக்கம் பின்பக்கம்
எடுத்துக்கொண்டே.

ஐப்பசி மழையில் ஒருநாள்
பால்கனியிலிருந்து அந்தம்மா கத்தியது:
"பரப்ளி!"
அவர் நனைந்தபடி திரும்பினார்.
ஒரு கறுப்புக் குடை
விரியாமலே வந்து விழுந்தது
அஞ்சலாட்சியின் கூடைக்குள்,
வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவே.
அன்றிலிருந்து எங்கள் தெருவில்
குடைக்குப் பேர் பரப்ளி.

லிசே வாத்தியார் பொறுக்கமாட்டாமல் திருத்தினார்.
"பராப்ளுய். உதட்டைக் குவி,
விசிலடிக்கிற மாதிரி."
அஞ்சலாட்சி குவித்தாள்.
குவித்த உதட்டாலேயே சொன்னாள்:
"கிலோ எண்ணூறு."

வாடகைப் பத்திரத்துக்கு நகலெடுக்க
ஆரோவில்லிலிருந்து வந்த பெர்லின்காரர்
மேலே காது கொடுத்தார்.
"ஜெர்மன்தான். ஆனால் ஜெர்மன் இல்லை.
யாரோ அதை வெந்நீரில்
ராத்திரி முழுக்க ஊறவைத்த மாதிரி."
பிரெஞ்சும் இல்லை என்று
வாத்தியார் முன்பே கையை விரித்தாயிற்று.
இருவரும் கைவிட்ட அது
மாடியில் சௌக்கியமாகச்
சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

ஓதிலம்மாவின் ஊர்ப் பலகையை
அப்பா காலத்திலேயே மூன்று முறை
கழற்றி மாட்டினார்களாம்.
ஆள்கிறவன் மாறினால் எழுத்து மாறும்.
"ஆறு மாறல. வீட்டுக்குள்ள நாங்களும் மாறல."
தமிழில்தான் சொன்னது;
நடுவே ஒரு சொல் கிடைக்காத இடத்தை
"ஹொப்லா" என்று தாண்டிக் குதித்தது.
காசைக் கொடுத்துவிட்டு
"மெர்சி வீல்மோல்ஸ்ங்க."
நன்றி ஒரு கரையிலிருந்து,
ரொம்ப என்பது மறுகரையிலிருந்து,
அந்த 'ங்க' மட்டும் எங்கள் பக்கத்துச் சரக்கு.

நான் சிரிக்கவில்லை.
என் கடையிலும் பீரோ இருக்கிறது,
சன்னல் இருக்கிறது, சாவி இருக்கிறது.
எந்தக் கப்பலில் எது இறங்கியது என்று
எவள் கணக்குப் பார்த்தாள்?

ஒரே ஒரு சொல்தான் உறுத்தியது.
அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம்
மேலிருந்து ஒரு கூவல்: "ஷ்முட்ஸ்!"
உடனே முட்டியைப் பிடித்துக்கொண்டு
இருபத்திரண்டு படியும் திரும்ப ஏறுவார்.
பெர்லின்காரரிடம் கேட்டேன்.
"அழுக்கு" என்றார்.
அடப்பாவமே,
பித்தளைப் பொத்தான் தேய்த்தே தேய்ந்த கை,
இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை,
எழுபத்தெட்டு வயதில் தினமும்
அழுக்கு என்று கூப்பிட்டா சோதனை?
ஒரு வாரம் அந்தம்மாவிடம்
முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

தை பிறந்ததும் கான்சுலேட்டுக்குத் தர
உயிரோடிருக்கிறார் என்ற சான்றிதழை
மூன்று நகல் எடுக்க வந்தார்.
கேட்டேவிட்டேன்.
அவர் காகிதத்தை அடுக்கினார்.
அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.
"பெர்லின்ல அது அழுக்குதான்.
அவ ஊர்ல..."
சொல்லாமல்
இடது கன்னத்தை ஒற்றை விரலால்
தொட்டுக் காட்டினார்.
மெஷின் வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்பியது.
மேலிருந்து கூவல் வந்தது.
முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.
உயிரோடிருக்கிறார் என்று
மூன்று நகலும் என் கையில் சூடாக இருந்தன.

அன்றிரவு கடை சாத்திப் போய்
சோறு போட்டுக்கொண்டே
என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னேன்:
"அழுக்கு."
அவர் சட்டையைக் கழற்றி
வாளியில் ஊறப்போட்டார்.